அறுபதா முப்பதா

ஹெல்காவும் தார்மோவும் பிரிந்தபோது படகு அவனுக்குப் போனது, வீடு அவளுக்குப் போனது. நாய் அதற்கு முன்பே செத்துப்போயிருந்ததால் அந்த வம்பு இல்லை. தொலைநோக்கியில்தான் சிக்கல் வந்தது. இருவரும் சேர்ந்து வாங்கியது அது. உடல் ஒன்று, கண்வில்லைகள் இரண்டு. ஒன்று முப்பது மடங்கு, அகலமாகக் காட்டும். இன்னொன்று அறுபது மடங்கு, ஒரே இடத்தைக் குடைந்து காட்டும். சமையலறை மேசையில் காபிக் குடுவையை நடுவில் வைத்துக்கொண்டு, குரலே உயராமல், ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். அந்த ஊரில் குரல் உயராத சண்டைதான் பெரிய சண்டை. கடைசியில் உடலும் முப்பதும் அவளுக்கு, அறுபது அவனுக்கு என்று முடிவாயிற்று. உடல் இல்லாத கண்வில்லையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் அதைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

வெறும் வீம்பு என்றும் தள்ளிவிட முடியாது. பறவை பார்ப்பவர்களில் இரண்டு ரகம். ஒரு ரகத்துக்குக் கூட்டம் வேண்டும். எங்கிருந்து வருகிறது, எப்படித் திரும்புகிறது, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் பார்த்த மாதிரி. முப்பதைத் தாண்டினால் உலகம் குறுகிப்போகிறது என்பார்கள். இன்னொரு ரகத்துக்கு ஒரே பறவை போதும், ஆனால் அதன் இமையோரம் வரை தெரிந்தாக வேண்டும். ஹெல்கா முதல் ரகம், தார்மோ இரண்டாவது. ஒரே ட்ரைபாடுக்குப் பின்னால் நின்று, கண்வில்லையை மாற்றி மாற்றிப் பொருத்தியே இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார்கள்.

பிரிந்த பிறகு வந்த இரண்டாவது வசந்தம். வளைகுடாவில் பனிப்பாளம் இன்னும் முழுசாக உடையவில்லை. கரையோரப் புல்வெளியின் விளிம்பில் இருக்கும் மரப்பரணில் ஹெல்கா நின்று முப்பதில் கண்ணை வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் சிநேகிதி ரித்வா. ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ், பறவை விஷயம் தவிர வேறெதற்கும் வாய்க்குப் பூட்டு போடத் தெரியாதவள். யாரும் கால் வைக்க அனுமதியில்லாத ஈரப் புல்வெளியின் மறுகோடியில் கூச்சல் வாத்துகள் இறங்கியிருந்தன.

கூச்சல் வாத்து என்பது அங்கே அதற்குப் பெயர். மற்ற காட்டு வாத்துகளைவிடச் சின்னது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், வாய் ஓயாது. இன்னும் வடக்கே முட்டையிடப் போகிற வழியில் இந்தப் புல்வெளியில் சில நாள் மேய்ந்துவிட்டுப் போகும். அந்த வடக்கில் மிச்சமிருப்பவை அத்தனையையும் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிடலாம். அதனால் இறங்கியது தெரிந்தாலும் பறவைச் சங்கத்துக்காரர்கள் வெளியே மூச்சு விடமாட்டார்கள். விட்டால் நாடு முழுவதிலிருந்தும் ஜனம் கார் கட்டிக்கொண்டு வந்து நிற்கும், வாத்துகள் பயந்து போய்விடும். இந்த இடம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் தார்மோவும் ஒருவன்.

"கூரா இருக்காளா?" என்றாள் ரித்வா.

"முப்பதுல எப்படிடி தெரியும்? வயிறு மசமசன்னு கறுப்பா இருக்கு. எல்லாத்துக்கும்தான் அப்படி இருக்கு."

ஒவ்வொரு வாத்துக்கும் வயிற்றில் கறுப்புத் திட்டு ஒவ்வொரு மாதிரி. கைரேகை போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. கூராவுக்கு வயிற்றின் குறுக்கே ஒரு தடித்த பட்டை, அதன் நடுவில் சாவித் துவாரம் மாதிரி ஒரு வெள்ளை. கூரா என்றால் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த ஒரு விடியலில் அவளை வலையில் பிடித்தார்கள். அவள் எங்கே போகிறாள், இந்த வாத்துகள் எல்லாம் எங்கே சுடப்படுகின்றன என்று தெரிந்துகொள்ள, முதுகில் இருப்பிடம் அனுப்பும் ஒரு சின்னக் கருவியை வார் போட்டுக் கட்டியது ஹெல்கா. தார்மோ கூடாது என்றான். "பறந்து பொழைக்கிறவ முதுகுல மூட்டை ஏத்துறியே. அவ சாவு உன் கையில" என்றான். ஹெல்கா கட்டினாள். செப்டம்பரில், தூரத்து ஸ்டெப்பிப் புல்வெளிக்கு மேலே, கருவி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் இருவரும் பிரிந்தார்கள். அடுத்த வசந்தத்தில் கூராவும் வரவில்லை, அவள் ஜோடி உக்கோவும் வரவில்லை.

சுட்டிருக்கலாம். கழுகு தூக்கியிருக்கலாம். அல்லது அந்த வார் சிறகடியை அறுத்து அறுத்து, கூட்டத்திலிருந்து அவளைப் பின்தங்க வைத்து, எங்கோ ஒரு சேற்றில் இறக்கியிருக்கலாம். ஹெல்காவின் தூக்கத்தில் எப்போதும் இந்த மூன்றாவதுதான் வந்தது. சங்கத்துப் பெட்டியில் இந்த வருடத்துக்கான கருவிகள் தயாராகக் கிடந்தன. கட்டலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவளும் அவளே. கூரா உயிரோடு இருந்தால் கட்டலாம். இல்லையென்றால் தன் கைகளை என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப அறுபது வேணும்" என்றாள் ரித்வா. "அவனுக்குப் போன் போடு."

"மாட்டேன்."

"வேற கண்வில்லை வாங்கு."

"இந்த மாடலை அவங்க நிறுத்தி வருஷமாச்சு. வேற எதுவும் இதுல பொருந்தாது."

"யார்கிட்டயாவது ஸ்கோப்பை இரவல் கேளு."

"எதைப் பார்க்கன்னு கேப்பாங்களே, என்ன சொல்ல?"

"அப்ப போன்தான். நான் தினம் பார்க்கிறேன்டி. வலி எடுத்தா கத்தித்தான் ஆகணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா பிள்ளை உள்ளேயேவா இருந்துடும்?"

ஹெல்காவுக்குத் தார்மோவைக் கூப்பிடக் கூச்சம் இல்லை. பயம். கூரா இல்லை என்று தெரிந்தால் அவன் முகத்தில் வரப்போகும் அந்த 'நான் சொன்னேனே'யைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஆனால் ரித்வா மதிய ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, பரணில் தனியாக நின்று, அந்த மசமசப்பை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நான் ஹெல்கா."

"தெரியுது. பேரு வருதே."

கொஞ்ச நேரம் இருவரும் மற்றவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அது மரியாதைக் குறைவு இல்லை.

"வந்திருக்கு" என்றாள்.

என்ன வந்திருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. "எத்தனை?"

"ஒன்பது. வயிறு தெரியல."

"முப்பதுலயா பார்க்குறே?"

"வேற எதுல பார்ப்பேன்? ஒரு கண்ணைத்தான் நீ காலுறையில சுருட்டிக்கிட்டுப் போயிட்டியே."

அவன் சிரித்தான் என்றுதான் தோன்றியது. "காத்து எப்படி இருக்கு?"

"ராத்திரி உறையுமாம். விடியக்காலைல அசைவே இருக்காது."

"அப்ப வெள்ளனே வந்துடுறேன். வெயில் ஏறிட்டா அறுபது செல்லாது."

சொன்னபடி வந்தான். புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பரண் படிகளில் அவன் ஏறி வரும்போது மரம் முன்பைவிட அதிகமாகக் கிறீச்சிட்டது.

"சாப்பாடு நல்லாக் கிடைக்குது போல" என்றாள்.

"நானே சமைச்சுக்கிறேன். அதான் ஊதிட்டேன். உப்பு போடும்போது யாரும் கையைப் பிடிக்கிறதில்ல."

காலுறையிலிருந்து கண்வில்லையை எடுத்தான். ஒரு வருடத்துக்கு மேல் வெளிச்சம் படாத கண்ணாடியை அவன் மூச்சு படாமல், ஓரமாகப் பிடித்துத் துணியால் ஒற்றினான். ஹெல்கா முப்பதைக் கழற்றினாள். அறுபது 'டக்' என்று பொருந்தி உட்கார்ந்தது. விலகிப்போன சொந்தக்காரன் வந்து தன் பழைய நாற்காலியில் உட்காருவது போல இருந்தது அவளுக்கு.

"நீ பாரு" என்றான்.

"நீயே பாரு. என்னால முடியாது."

அவன் குனிந்தான். அறுபதில் எதையும் தேடிப் பிடிப்பது லேசு இல்லை. விரல் நுனி அசைந்தால் புல்வெளியே ஓடிவிடும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன?"

"உக்கோ" என்றான். "வந்துட்டான், ஹெல்கா. உக்கோ வந்துட்டான்."

அவள் அவனைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். காற்று உறைந்து கண்ணாடியைப் போல நின்றிருந்தது. அந்தச் சின்ன வட்டத்துக்குள், சேற்றில் நடந்து போனால் அரை மணிக்கு மேல் ஆகும் தூரத்திலிருந்து, உக்கோ நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கண்வளையம். நெற்றி உச்சிவரை ஏறிய வெள்ளை. வயிற்றில் அவனுடைய இரண்டு கோடும் ஒரு புள்ளியும். அலகிலிருந்து ஆவி வந்தது. அவன் காலடியில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக உறைபனி போர்த்தி நின்றது. இரண்டு வருடமாக எந்தெந்தக் கடல் ஓரத்திலோ, எந்தெந்தத் துப்பாக்கிக்குக் கீழேயோ பறந்து திரிந்த ஓர் உயிர், தோளில் ஒரு தூசு இல்லாமல், இங்கே வந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அது இன்னார் என்று பெயர் சொல்லும் அளவுக்குத் தெரிகிறது. ஹெல்கா அறுபதை இத்தனை நாள் ஏசியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வட்டத்துக்குள் அவன் மட்டும்தான் இருந்தான்.

இந்த வாத்துகள் ஜோடி பிரியாது. உக்கோ இருக்கும் இடத்தில் ஒரு கழுத்து தூரத்தில் கூரா இருக்க வேண்டும். அவள் வலது பக்கம் நகர்த்தினாள், வெறும் புல். இடது பக்கம், புல். தார்மோ வாங்கிப் பார்த்தான். மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வயிறு பார்த்தான். சாவித் துவாரம் எதிலும் இல்லை.

ஹெல்கா பரண் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கைகள் இரண்டையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் ட்ரைபாடின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

"சொல்லிடு" என்றாள்.

"என்னத்தைச் சொல்ல?"

"சொல்ல வேண்டியதை. அதுக்குத்தானே வந்தே."

"கண்வில்லை கொடுக்க வந்தேன்" என்று மறுபடி குனிந்துகொண்டான். "அவன் மேயவே இல்ல பாரேன். வந்ததிலிருந்து தலையைத் தூக்கிக்கிட்டே நிக்கிறான். பசியில்லையோ என்னவோ."

ஹெல்கா நிமிர்ந்தாள். "மேயலையா?"

"இல்ல."

"தார்மோ, தனியா இருக்கிற ஆண் மேயும். விழுந்து விழுந்து மேயும். பொண்டாட்டி மேயும்போதுதான் அது தலையைத் தூக்கிக் காவல் நிக்கும். அவன் யாருக்கு நிக்கிறான்?" எழுந்து முப்பதைக் கையில் எடுத்தாள். "நகரு. அதைக் கழட்டு."

"பைத்தியமா நீ? வெயில் வருது பாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல காத்து கொதிக்க ஆரம்பிச்சுடும். கழட்டினா மறுபடி அவனைப் பிடிக்கவே முடியாது."

"உன் அறுபதுல அவன் மூக்குச் சளி கூடத் தெரியுது, பக்கத்துல யார் இருக்கான்னு தெரியல. கழட்டு."

"எப்பவும் இதேதான். ஒண்ணை உருப்படியாப் பார்க்க விடமாட்டே."

"ஒண்ணை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்தா குடும்பம் நடத்த முடியாது" என்றாள். எதைப் பற்றிச் சொன்னாள் என்று இருவருக்குமே தெரிந்தது. அவன் கழற்றினான்.

முப்பதில் புல்வெளி கதவைத் திறந்தது மாதிரி விரிந்தது. உக்கோ சின்னவனாகி நடுவில் நின்றான். மற்ற எட்டும் ஓர் ஓரத்தில். அவர்களுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு பழைய வாய்க்கால், கறுப்பாக, ஈரமாக. அறுபதின் வட்டம் எட்டாத இடம் அது. உக்கோவின் கழுத்து அந்த வாய்க்கால் பக்கமே சாய்ந்திருந்ததை ஹெல்கா பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் விளிம்பில் ஒரு தலை எழுந்தது, ஒரு வாய்ப் புல்லோடு. மறுபடி முங்கியது.

"இருக்கா" என்றாள். "பத்தாவதா ஒருத்தி இருக்கா."

"யாரு?"

"தலைதான் தெரியுது. வேற யாரையாவது சேர்த்துக்கிட்டானோ என்னவோ."

"வெளிய வருவா. அறுபதைப் போடு."

போட்டார்கள். அவன் சொன்னது பலித்துவிட்டது. உறைபனி வெயிலில் உருகத் தொடங்கி, தரைக்கு மேலே காற்று நெளிந்தது. அறுபது மடங்கில் வாத்து மட்டுமா பெரிதாகும்? நடுவில் இருக்கும் அத்தனை காற்றும் சேர்ந்து பெரிதாகும். அந்தப் பெண் வாத்து வாய்க்காலை விட்டு மேலே ஏறி வந்ததை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பால் பொங்கும்போது அதற்குள் பார்ப்பது போல இருந்தது. கழுத்து ஒடிந்து ஒட்டியது, கால் நீண்டு குறுகியது, வயிறு கறுப்பும் வெள்ளையுமாகக் கொதித்தது. பட்டை இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"நாப்பது, அம்பதுல ஒண்ணு வச்சிருந்தா" என்றான் தார்மோ பல்லைக் கடித்துக்கொண்டு.

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல எதுவும் இருந்ததே இல்லையே" என்றாள் ஹெல்கா. "முப்பதைக் கொடு. அதுல அசைவு குறையும்."

அவன் அறுபதைக் கழற்றினான். அவள் முப்பதை வாங்கக் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பனிப்பாளத்தின் மேலிருந்து வெண்வால் கழுகு ஒன்று கிளம்பியது. பெரிய, அவசரமில்லாத சிறகடி. புல்வெளி முழுவதும் ஒரே நொடியில் எழுந்தது. வாத்து, ஆட்காட்டி, உள்ளான் என்று தரையில் இருந்த அத்தனையும் வானத்துக்கு ஏறின. தொலைநோக்கி கண்ணில்லாமல் நின்றது. ஆளுக்கு ஒரு கண்வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

கழுகுக்குப் பயந்த கூச்சல் வாத்துகள் கடல் பக்கம் போகவில்லை. கரைப் பக்கம் திரும்பின. பரணை நோக்கியே வந்தன. முதலில் சத்தம் வந்தது. பத்துத் தொண்டைகளின் அந்தக் கிறீச்சிட்ட கத்தல், ஏறி ஏறி, காதை நிறைத்தது. பிறகு சிறகுச் சத்தம். பிறகு அவையே வந்துவிட்டன. மரத்து உச்சி உயரத்தில், தலைக்கு நேர் மேலே, காலைச் சூரியன் கீழிருந்து வயிறுகளில் பட, ஒவ்வொரு வயிறும் திறந்து வைத்தது போலக் கடந்தது. உக்கோ கடந்தான். அவன் சிறகு நுனியைத் தொட்டுக்கொண்டு அடுத்தவள் கடந்தாள். குறுக்கே ஒரு தடித்த கறுப்புப் பட்டை. அதன் நடுவில் வெள்ளைச் சாவித் துவாரம். வாலுக்குப் பின்னால் மயிர் போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போன அந்தக் கருவியின் கம்பி. அதைச் சுமந்துகொண்டு, இரண்டு வருடம், பாதி பூமி, கத்திக்கொண்டே பறந்து வந்திருக்கிறாள்.

தார்மோ தொப்பியைக் கழற்றிவிட்டான். ஏன் கழற்றினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஹெல்கா அழுதாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், மூக்கைத் துடைக்காமல், வானத்தைப் பார்த்தபடியே அழுதாள். வாத்துகள் ஒரு வட்டம் அடித்து, மறுபடி கத்திக்கொண்டு, புல்வெளியின் வேறு மூலையில் இறங்கின.

"மெஷின்தான் செத்திருக்கு" என்றான் கடைசியில்.

"ம்."

"தாங்குறா, ஹெல்கா. இந்த வருஷமும் கட்டு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீயா சொல்றே? அவ இன்னும் அதைச் சுமந்துக்கிட்டுத் திரியறா. எதுக்குன்னே தெரியாம. நான் கட்டப் போறதில்ல."

"நான் சொன்னா எதிரா ஏதாவது சொல்லணுமா உனக்கு?"

"வேணாம்னு அன்னைக்கு ஒத்தைக் கால்ல நின்னவன் நீ."

"தப்பாச் சொல்லிட்டேன். அதான் சொல்றேன்ல." அவன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். பலகையைப் பார்த்தபடி சொன்னான். "அறுபதுல அவன் தனியா நின்னான் பாரு. அப்ப ஒரு நொடி எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, ஹெல்கா. நான் சொன்னது சரியாப் போச்சேன்னு. ஒரு வாத்து செத்ததுக்குச் சந்தோஷப்பட்டேன். அவளைப் போய்."

ஹெல்கா அவனைத் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த புள்ளிகளைப் பார்த்தாள். இந்தத் தூரத்தில் யார் எது என்று தெரியாது, பத்து இருக்கின்றன என்று மட்டும் தெரியும்.

"நீயாவது ஒரு நொடி" என்றாள். "ரெண்டு வருஷமா ராத்திரி ராத்திரி வேண்டிக்கிட்டிருந்தேன். அவ உயிரோட இருக்கணும்னு வேண்டினேனா, நீ தோத்துப்போகணும்னு வேண்டினேனான்னு எனக்கே இப்ப வரைக்கும் தெரியல."